மேகமலை வௌவாலுக்குப் பெயர் வந்த வரலாறு

நம் நெசவாளர் சங்கங்களின் நூற் கிடங்கில் பணியாற்றும் அங்கத்தினர்கள் ஒன்றை நன்கு அறிவர். அறுபதாம் நம்பர் நூற் பொதியின்மேல் நாற்பதாம் நம்பர்ச் சீட்டுக் கட்டப்பட்டுவிட்டால், அப்பிழை கிடங்கோடு நிற்பதில்லை. பாவு ஓடுபவர் கையிலும், தறிக்காரர் கையிலும், கடைசியில் சங்கத்தின் கணக்கிலும் அது வந்து நிற்கும். தோட்டக்கால் விவசாயிகளுக்கும் இவ்வனுபவம் உண்டு. நாம் கிளிமூக்கு என்று கூறும் மாங்கனியையே பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் பிறர் கூறுவர். ஒட்டுக்கன்று வாங்கச் சென்றவர் மூன்று பெயர்களையும் மூன்று ஜாதிகள் என்றெண்ணி வாங்கி வந்தால், காய்க்கும் காலத்தில்தான் உண்மை விளங்கும்.

பிராணி நூலாரின் கிடங்கிலும் இத்தகைய சீட்டுத் தவறு ஒன்று நேர்ந்தது. தமிழ்நாட்டுக் காப்பித் தோட்ட மலையொன்றில் பிடிபட்ட வௌவால், பிறிதொரு வௌவாலின் பெயரைச் சுமந்துகொண்டு பம்பாயில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் கிடந்தது. அவ்வரலாற்றையே இங்கு எழுதப் புகுகின்றோம்.

வௌவாலை எவ்வகுப்பில் சேர்ப்பது என்பதில் பேரறிஞர்களுக்கும் தடுமாற்றம் இருந்ததுண்டு. உயிர்களுக்கு இரு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் வௌவால்களை மனிதனும் குரங்கும் அடங்கிய வரிசையிலேயே வைத்தார். அவர் அறிந்த இனங்கள் ஏழே. அவ்வேழையும் ஒரே பேரினத்தில் அடக்கிவிட்டார். 1779இல் ஜெர்மானியராகிய புளூமன்பாக் என்பவர், கையே சிறகானவை என்னும் பொருளில் ‘கைராப்டிரா’ என்று இவற்றுக்குத் தனி வரிசை வகுத்தார். இன்று அவ்வரிசையில் 1,400க்கும் மேற்பட்ட இனங்கள் எண்ணப்படுகின்றன. பாலூட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வௌவால்களே. அவற்றுட் பெரும்பாலானவை வெப்ப நாடுகளில் வாழ்வன. நம் முன்னோரும் வேறுபாடு காணாதவரல்லர். பெரிய பிராணியை வாவல் என்றும் வௌவால் என்றும் அழைத்த தமிழ் மொழி, சிறியதற்குத் துரிஞ்சில் என்று தனிப் பெயரே வைத்துள்ளது.

இரு சொற்பெயர் என்பது யாது? முதற்சொல் பேரினத்தைக் குறிப்பது, இரண்டாவது சொல் இனத்தைக் குறிப்பது. சங்கத்தின் பெயரும் அதன்கீழ் அங்கத்தினர் எண்ணும் போல என்று கொள்க. இவ்வாறு பெயரிடுவோர் ஒரு குறிப்பிட்ட உடலைச் சான்றாகக் காட்டி, அது கிடைத்த இடத்தையும் பதிவு செய்வர். பிற்காலத்தில் ஐயம் எழுமானால் அம்மூலமாதிரியை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

நம் தோப்புகளில் கொய்யாவையும் வாழைப்பூவின் தேனையும் நாடி வரும் குட்டை மூக்குப் பழந்தின்னி வௌவாலுக்கு ‘சைனாப்டிரஸ் ஸ்பிங்ஸ்’ என்பது நூற்பெயர். இதற்கு 1797இல் பெயரிட்டவர் டேனிஷ் நாட்டில் பணியாற்றிய மார்ட்டின் வால். மூலமாதிரி கிடைத்த இடம் எது என்று பார்த்தால் நம் தரங்கம்பாடி! அவ்வூர் அக்காலத்தில் டேனியர் வசம் இருந்தது. ஆகவே தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிடிபட்ட வௌவாலொன்று கோபன்ஹேகன் நகரத்து ஏட்டில் பெயர் பெற்றது. பனையோலையின் அடியில் தொங்கும் இச்சிறு பிராணிக்கு இவ்வளவு தூரத்துப் பெருமை உண்டென்பதைப் பனைத்தொழிலாளர் சங்க அன்பர்கள் அறிந்தால் மகிழ்வர் என நம்புகின்றோம்.

இனி நம் கதைக்கு வருவோம். அன்றைய மதுரை ஜில்லாவில், கம்பம் பள்ளத்தாக்கின் மேல் எழுந்து நிற்பது ஹைவேவி மலை. மேகமலை என்று இன்று நாம் அழைப்பதும் இதுவே. அங்குத் தோட்டத் தொழிலில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்பவர் இயற்கையாராய்ச்சியிலும் ஈடுபாடுள்ளவர். 1948ஆம் ஆண்டில் அவர் பிடித்த வௌவால் ஒன்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்துக்குச் சென்றது. பார்த்தவர்கள் அதைச் ‘சைனாப்டிரஸ் ஸ்பிங்ஸ்’ என்றே கருதிச் சீட்டெழுதினர். அவர்களைக் குறை கூறுவது முறையன்று. அளவிலும் முகச் சாயலிலும் இரண்டும் நெருங்கியவை. தென்னிந்தியாவில் எங்கும் காணப்படும் வௌவால் என்றால் யார்தான் இரண்டாம் முறை புரட்டிப் பார்ப்பார்?

புரட்டிப் பார்த்தவர் தாய்லாந்து தேசத்தைச் சேர்ந்த கிட்டி தோங்லோங்யா. அவர் வௌவாலாராய்ச்சியில் தேர்ந்தவர். பம்பாய்ச் சேகரத்தை ஆராய்ந்தபோது இவ்வுடலில் மூன்று அடையாளங்கள் ஒத்துவராமையைக் கண்டார். சைனாப்டிரஸுக்குச் சிறு வால் உண்டு, இதற்கு வெளியே தெரியும் வாலே இல்லை. அதன் காதோரம் வெளிறிய கரை போட்டாற்போல் இருக்கும், இதன் காதில் அக்கரை இல்லை. எல்லாவற்றினும் முக்கியமானது பல்: சைனாப்டிரஸுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு சோடி வெட்டுப்பற்கள் இருக்க, இதற்கு ஒவ்வொரு தாடையிலும் ஒரு சோடியே இருந்தது. வெட்டுப்பல்லின் எண்ணிக்கை மாறினால் அது நிறமாற்றம் போன்ற சிறு வேறுபாடு ஆகாது. புதிய இனம் மாத்திரமன்று, பேரினமே புதிது என்று அவர் முடிவு செய்து, 1972இல் ‘லாட்டிடென்ஸ் சலிமாலியை’ என்று பெயரிட்டார். முதற்சொல்லின் பொருள் அகன்ற பல். இரண்டாவது சொல், பறவையறிஞர் சலீம் அலி அவர்களைக் கௌரவிப்பது.

பெயர் இட்டவருக்கும் விரைவில் ஒரு பெயர் காத்திருந்தது. தாய்லாந்தின் சாய் யோக் பகுதிக் குகைகளில் இரண்டு கிராம் எடையே உள்ள ஒரு வௌவாலை அவர் சேகரித்திருந்தார். தும்பியளவே உள்ள அதை விவரித்து எழுதுமுன், 1974இல் அவர் காலமானார். லண்டனில் ஜான் எட்வர்ட்ஸ் ஹில் என்பவர் அவ்வேலையை ஏற்று, அவ்வாண்டிலேயே அதற்காகப் புதிய குடும்பம் ஒன்றை வகுத்து, இனப்பெயராகத் தோங்லோங்யாவின் பெயரையே சூட்டினார்.

மேகமலை வௌவாலைப் பொறுத்தவரை, அடுத்த இருபது ஆண்டுகளும் உலகம் அறிந்த உடல் அந்த ஒன்றே. 1993இல்தான் அம்மலையில் அது மீண்டும் உயிருடன் காணப்பட்டது. பின்னர் களக்காடு முண்டந்துறையிலும், கேரளத்தின் பெரியாறு வனப்பகுதியிலும் இருப்பது தெரிந்தது. காட்டிலுள்ள அத்தி வகைக் கனிகளைத் தின்று பாறைக் குகைகளில் உறையும் இது, உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் அறியப்படவில்லை.

பெயர் எதுவாயின் என்ன என்று வினவும் அங்கத்தினர்க்குச் சட்டத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். லாட்டிடென்ஸுக்குப் பெயர் கிடைத்த அதே 1972இல்தான் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. அதன் ஐந்தாம் அட்டவணை அப்போது ஊறு செய்யும் பிராணிகளின் பட்டியலாக இருந்தது. காக்கை, எலி, சுண்டெலி ஆகியவற்றுடன் பழந்தின்னி வௌவால்களும் அதில் ஒரே சொல்லில் அடைக்கப்பட்டன. அவற்றைக் கொல்ல அப்போது யாரிடமும் அனுமதி பெற வேண்டியிருக்கவில்லை. மும்பை அலமாரியில் பழைய சீட்டே நீடித்திருந்தால், உலகில் அரிதினும் அரிதான இவ்வௌவாலும் காக்கையோடும் எலியோடும் எண்ணப்பட்டிருக்கும். தனிப் பெயர் இருந்தமையால்தான் அதை மாத்திரம் பிற்காலத்தில் உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்கு மாற்ற இயன்றது. ஆனால் இருளில் வலையில் சிக்கிய வௌவாலின் பல்லை எண்ணிப் பார்க்கும் தோட்டக்காரர் யார்? ஒன்று காக்கப்பட்டதாகவும், அதனுடன் எளிதில் மயங்கும் மற்றொன்று கொல்லத்தக்கதாகவும் சட்டம் இருந்த வரையில், காகிதத்திற் கிடைத்த பாதுகாப்பு முழுமையாகாது என்பது நம் கருத்து.

தோட்டக்காரர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடி போட்டவருக்கும், கொய்யா பயிரிட்டவருக்கும், ஓரிரவில் பழந்தின்னிகள் செய்யும் சேதம் சிறிதன்று. உழைப்பின் பலன் காலையில் தரையில் கிடக்கக் காண்பவரிடம் விஞ்ஞானம் பேசிப் பயனில்லை. எனினும் அதே பள்ளத்தாக்கில் போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. இலவ மரம் இரவில் மலர்வது. அதன் தேனை அருந்தவரும் வௌவால்களின் மேல் மகரந்தம் ஒட்டி மரத்துக்கு மரம் செல்கின்றது. இலுப்பைப் பூவுக்கும் இவை வருகின்றன. திராட்சைக் கணக்கில் பற்று எழுதுவோர் இலவங்கணக்கில் வரவு எழுதாமல் விடுவது சரியான பேரேடு ஆகுமா?

வகைப்பாடு இன்னும் முடிந்த கணக்கன்று. பழந்தின்னிகள் ஒருபுறம், பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் யாவும் மறுபுறம் என்று நெடுங்காலம் பிரித்திருந்தனர். மரபணுக்களை ஒப்பிட்ட பின்னர், குதிரைலாட வௌவால் முதலிய சில பூச்சியுண்ணிகள் தம்மைப் போன்ற சிறியவற்றைவிடப் பழந்தின்னிகளுக்கே நெருங்கிய உறவு என்று தெளிவாயிற்று. ஆலமரங்களில் கூட்டங்கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னியின் நூற்பெயரும் ‘ஜைகாண்டியஸ்’ என்பதிலிருந்து, டெம்மிங்க் 1825இல் இட்ட ‘மீடியஸ்’ என்பதற்கு மாறிவிட்டது. கர்நாடகத்துக் கோலார்ப் பகுதியில் வாழும் இலைமூக்கு வௌவால் ஒன்று தனி இனம் என 1994இல்தான் பெயர் பெற்றது. அது ஒதுங்கும் பாறைக் குகைகளைச் சுற்றிலும் கருங்கல் வெட்டும் தொழில் நடந்ததால், அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

2022இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காயின. ஊறு செய்யும் பிராணிகளின் பட்டியலே நீக்கப்பட்டது. ஆகவே பழந்தின்னி என்ற ஒரே காரணத்தால் வௌவாலை விருப்பம்போற் கொல்லலாம் என்று பழைய நினைவில் இருக்கும் அங்கத்தினர்கள், அந்நிலை இப்போது இல்லை என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பழுக்கும் பருவத்தில் கொடியின்மேல் இறுக்கமாக வலை போர்த்துவதும், குலைகளுக்குத் துணிப்பை கட்டுவதும் கையில் உள்ள வழிகள். துணிப்பை வேண்டுவோர்க்கு அதைத் தைத்துத் தர நம் நெசவாளர் சங்கங்களில் கழிவுத் துணிக்குக் குறைவில்லை.