என்ஜின் மாறினால் போதுமா?

சென்னையை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது ஏராளமான கார்கள் நீரில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பியவர்களுக்குப் பெருஞ்செலவு காத்திருந்தது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தலாம். தண்ணீரை அழுத்த முடியாது. தண்ணீர் புகுந்த என்ஜினை இயக்கினால், பிஸ்டனையும் கிராங்க் சாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அத்தகைய என்ஜினைப் பிரித்துச் சீர்செய்வதைவிட, புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் வேறோர் என்ஜினை வாங்கிப் பொருத்துவது மலிவு என்று கருதுவோர் உண்டு.

அந்தக் கணக்கில் ஒரு செலவு விடுபட்டுப் போகிறது. எல்லாம் முடிந்தது என்று எண்ணும் நேரத்தில் வண்டி கிளம்ப மறுக்கிறது. அல்லது கிளம்பிய இரண்டு விநாடியில் நின்றுவிடுகிறது. ஓடினாலும் எச்சரிக்கை விளக்கு அணைவதில்லை. 'கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்ற தீர்ப்பு உடனே வருகிறது. மேலும் பல ஆயிரம் ரூபாய் செலவிட்ட பிறகும் பழுது அப்படியே இருப்பதுண்டு.

நான் பொருளாதாரம் கற்பித்தவன். என்ஜின் என் துறையன்று. ஆனால், ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லாதபோது அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்பது என் துறைக்குரிய கேள்வி. பணி ஓய்வுக்குப் பிறகு, எனக்குத் தெரிந்த பணிமனைகளில் இதை உற்றுக் கவனித்து வருகிறேன்.

காருக்குள் கணினி நுழைந்ததற்குக் காற்று மாசு முதன்மையான காரணம். பெட்ரோல் காரின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தில்தான் சிறப்பாக இயங்கும். கார்புரேட்டரால் அந்த நுட்பத்தைக் காக்க இயலாது. எனவே, உணரிகளிடமிருந்து செய்தி பெற்று, எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் கணந்தோறும் தீர்மானிக்கும் கணினி வந்தது. 'இசிஎம்' என்று மெக்கானிக்குகள் அழைப்பது இதைத்தான். நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்று புகை விதிகள் இறுக இறுக, இந்தக் கணினியின் பொறுப்பும் கூடியது.

இந்தக் கணினி 'ஏதோ ஓர் என்ஜினை' இயக்குவதில்லை. குறிப்பிட்ட ஓர் என்ஜினை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. கிராங்க் சாஃப்டின் நிலையை அறிய உதவும் பல்சக்கரத்தில் சில என்ஜின்களில் 60 பல்லுக்கு இரண்டு குறைவாக இருக்கும். சிலவற்றில் 36-க்கு ஒன்று குறைவாக இருக்கும். ஒன்றை எதிர்பார்க்கும் கணினிக்கு மற்றொன்றின் கணக்கு புரியாது. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அளவும் மின்தடையும் மாறுபடலாம். காமன் ரெயில் டீசல் என்ஜின்கள் பலவற்றில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும்; அதைக் கணினியில் பதியாவிட்டால் என்ஜின் நடுங்கும், புகையும். பெயரும் தோற்றமும் ஒன்றாக இருந்தாலும், தயாரிப்பு ஆண்டு வேறானால் இவையெல்லாம் வேறாக இருக்கக்கூடும்.

எனவே, வாங்கும்போதே இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரும் என்ஜின் அதே வகையைச் சேர்ந்தது என்றால், காரின் சொந்தக் கணினியை வைத்துக்கொண்டு, பழைய என்ஜினில் நல்ல நிலையில் உள்ள உணரிகளையும் இன்ஜெக்டர்களையும் புதிதாக வந்ததற்கு மாற்றுவது நல்லது. வேறு வகை என்றால், என்ஜினோடு அதன் கணினி, வயரிங், சாவி, சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் ஆகிய அனைத்தையும் ஒரே வண்டியிலிருந்து தொகுப்பாக வாங்க வேண்டும். பாதியை இங்கும் பாதியை அங்கும் வாங்குவதுதான் பெரும்பாலான தொல்லைகளின் தோற்றுவாய்.

பொருத்திய பிறகு வண்டி கிளம்பவில்லை என்றால், சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரியும் எர்த் இணைப்பும். என்ஜினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையை மீண்டும் பூட்ட மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நிகழ்வது. அடுத்து, சாவியைத் திருப்பியதும் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியாவிட்டால் கணினிக்கு மின்சாரம் செல்கிறதா என்று ஃபியூஸ், ரிலே வழியே தேட வேண்டும். மூன்றாவதாக, ஸ்கேனர் கணினியுடன் பேசுகிறதா என்பது. பேசாவிட்டால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகியின் 6, 14 எண் முனைகளுக்கிடையே மின்தடையை அளக்கலாம். இப்போதைய கார்கள் பெரும்பாலானவற்றில் 60 ஓம் அளவில் இருந்தால் தகவல் கம்பிகள் சரி.

நான்காவதாக, இம்மொபிலைசர் விளக்கு கண்சிமிட்டுகிறதா? அப்படியானால், கணினி அந்தச் சாவியை ஏற்கவில்லை. ஐந்தாவதாக, ஸ்டார்ட்டர் சுழலும்போது ஸ்கேனரில் என்ஜின் வேகம் காட்டப்படுகிறதா? பூஜ்யம் என்றால் கிராங்க் உணரியையும் அதன் வயரிங்கையும் ஐயுற வேண்டும். குளிர்ந்த என்ஜினின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால், சென்னையில் பனி பெய்யவில்லை. அந்த உணரியின் கம்பி இணைக்கப்படவில்லை. இவையெல்லாம் சரியாக இருந்தும் வண்டி கிளம்பாதபோதுதான் கணினியின் மீது குற்றம் சுமத்த வேண்டும். அப்போதும், அதன் மேல் அச்சிட்ட பாக எண்ணை ஒப்பிடாமல் இன்னொன்றை வாங்கக் கூடாது.

இதில் நான்காவது படி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. மற்றவற்றுக்கு மீட்டரும் பொறுமையும் போதும். சாவியையும் கணினியையும் மீண்டும் இணக்கப்படுத்த, பல கார்களில் தயாரிப்பாளரிடம் மட்டுமே உள்ள மென்பொருளோ கடவுக்குறியோ தேவைப்படுகிறது. பழுது இங்கே இயந்திரவியலைக் கடந்து பொருளாதாரமாகிவிடுகிறது.

ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல், பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்குலைகிறது என்று விளக்கினார். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழுதுநீக்கத்தில் நிகழ்வது அதன் மற்றொரு வடிவம். கார் வாங்கும்வரை நமக்குப் பல நிறுவனங்கள்; வாங்கிய பிறகு, மென்பொருளைப் பொருத்தவரை ஒன்றே ஒன்று.

இந்திய போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனியார் பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் ரூ.2,545 கோடி அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012-இலேயே பழுதுநீக்கும் உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தனர். மத்திய அரசும் 2022 டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது; அதில் வாகனத் துறையும் அடங்கும். ஆனால், தகவலை வழங்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லாமல் இணையதளம் மட்டும் போதாது.

எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டால் திருடர்களுக்கும் வழி கிடைக்கும் என்று நிறுவனங்கள் கூறுவதில் நியாயம் உண்டு. அதற்கும் தீர்வு இருக்கிறது. ஐரோப்பாவில், தகுதிச் சான்று பெற்ற தனியார் பணிமனைகளுக்குப் பாதுகாப்பு சார்ந்த தகவல்கள் வழங்கப்படுகின்றன. நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயின்றவர்களுக்கும் அத்தகைய சான்றை வழங்கலாம்.

உரிமையாளர்களுக்கும் கடமை உண்டு. என்ஜின் எண் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவது. பதிவு விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்று, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பழைய என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ரசீது கேட்டுப் பெற வேண்டும்.

பழைய என்ஜினை மீண்டும் பயன்படுத்துவது வளத்தைக் காக்கும் செயல். நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பையும், சிறு பணிமனையில் உழைப்பவரின் வாழ்வையும் காக்கும் செயல். கைத்திறன் அந்தப் பணிமனையில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் தேவையான தகவலை நியாயமான விலையில் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு.