எண்ணெய் குடிக்காத பஜ்ஜி

வாழைக்காயையோ மிளகாயையோ கடலை மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் பஜ்ஜியும், நறுக்கிய வெங்காயத்தை மாவோடு பிசிறி உதிர்த்துப் போடும் பக்கோடாவும் தமிழ்நாட்டு வீடுகளின் மாலைச் சிற்றுண்டியில் நிலையான இடம் பெற்றவை. இவை சொதசொதவென்று அமைந்துவிட்டால் பழி பெரும்பாலும் எண்ணெயின் மீதே விழுகிறது. உண்மையில் முறுகலைத் தீர்மானிப்பது காயிலும் மாவிலும் உள்ள நீரும், அந்த நீர் வெளியேறும் விதமுமே ஆகும்.

பொரிப்பதற்கு ஏற்ற சூடு ஏறத்தாழ 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் ஆகும். நீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடுவதால், மாவு எண்ணெயில் விழுந்தவுடன் சுற்றிலும் எழும் குமிழ்கள் எண்ணெய் கொதிப்பதால் உண்டாவன அல்ல, மாவிலிருந்து வெளியேறும் நீராவியே. அந்த ஆவி வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே புகுவது கடினம். எடுத்த பிறகு, உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும்போதுதான், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் நுண்துளைகள் வழியே பெருமளவில் உறிஞ்சப்படுகிறது. ஆகவே பஜ்ஜியை அரிகரண்டியில் எடுத்ததும், சூடு தணியுமுன்பே, வாணலிக்கு மேல் சில விநாடிகள் பிடித்து உதறி வடிப்பது, பிறகு தாளில் பரப்பி ஒற்றியெடுப்பதைவிடப் பெரிதும் பயன் தரும். ஒரே ஈட்டில் நிறையப் போட்டால் சூடு சட்டென்று இறங்கி, ஆவியின் வேகம் குறைந்து, மேலோடு இறுகுவதும் தாமதப்படும்.

கடலைப்பருப்பை அரைத்துப் பெறும் கடலை மாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம் உள்ளது. பொன்னிறமும் மணமும் பெரிதும் இதனால் வருபவை. அதோடு சேரும் அரிசி மாவு பெரும்பாலும் மாவுச்சத்தாக இருப்பதால், நீர் வற்றியதும் இறுகி மொறுமொறுப்பைத் தருகிறது. நான்கு பங்குக்கு ஒரு பங்கு என்பது நல்ல அளவு. ஆப்பசோடாவைச் சிட்டிகைக்கு மேல் சேர்த்தால் மேலோட்டில் துளைகள் பெருகி எண்ணெய் குடிக்கும்.

பக்கோடாவில் நீரைக் கையாள்வது இன்னும் நுட்பமானது. வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவானது நீரே என்பதால், நீளவாக்கில் நறுக்கி உப்பிட்டுப் பிசிறி வைத்தால், உப்பின் செறிவு திசுக்களிலுள்ள நீரை வெளியே இழுக்கும் சவ்வூடு பரவல் நிகழ்ந்து, பத்து நிமிடத்தில் இதழ்கள் துவண்டு கசியத் தொடங்கும். மிளகாய்த்தூள், பெருங்காயம், சோம்பு ஆகியவற்றோடு மாவைத் தூவிப் பிசிறும்போது இந்தக் கசிவே பெரும்பாலும் போதுமானது. மாவு உதிரியாக நின்றால் மட்டும் கைத்தண்ணீர் தெளிக்கலாம். முதலிலேயே தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் கிடைப்பது போண்டாவின் உறவினராகவே இருக்கும். பிசிறியதை நெடுநேரம் வைத்திருப்பதும் தவறு, ஏனெனில் கசிவு நிற்பதில்லை.

வாழைக்காயில் சிக்கல் வேறு விதமானது. நறுக்கிய முகம் காற்றுப் பட்டதும் நொதிகளின் செயலால் கறுப்பதால் வில்லைகளைத் தண்ணீரில் போடுவர். ஆனால் துணியில் ஈரம் ஒற்றாமல் தோய்த்தால் மாவு வழுக்கிப் பொரியும்போது கழன்றுவிடும். மிளகாயில் காரம் தரும் கேப்சைசின், விதைகளைவிட அவை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தண்டிலேயே மிகுதி. அதை வழித்தெடுத்தால் காரம் வெகுவாகத் தணியும். ஆந்திரத்தில் அந்த இடத்தில் புளியும் ஓமமும் அரைத்துத் தடவும் வழக்கம் உண்டு, காரத்தைப் புளிப்பால் சமன் செய்யும் அருமையான முறை அது.

மிஞ்சும் எண்ணெயை எளிதாக எண்ணிவிடக் கூடாது. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் சிதைந்து துருவச் சேர்மங்கள் எனப்படும் பொருள்கள் பெருகுகின்றன. இவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. வீட்டில் இதை அளக்கும் கருவி இருப்பதில்லை என்பதால், சிறிய, குழிவான வாணலியில் குறைந்த அளவே எண்ணெய் ஊற்றிப் பொரித்து, அடியில் கருகிய மாவுத் துணுக்குகளை வடிகட்டி நீக்கி, எஞ்சியதை ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுவது நல்லது. நிறம் கறுத்து, நுரை அடங்காமல், வழக்கத்தைவிட விரைவில் புகையத் தொடங்கிய எண்ணெயைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.