வெற்றிடத்தைக் கட்டியவர்கள்

விஞ்ஞானச் செய்திகள் எமது பத்திரிகைகளிற் பெரும்பாலும் இரண்டு வேடங்களிலேயே தோன்றுகின்றன. ஒன்று, நாளையே நோயும் வறட்சியும் உலகைவிட்டு ஓடிவிடும் என்னும் ஆரவாரம். மற்றது, தூர தேசத்துப் பேராசிரியர் ஒருவருக்குப் பரிசு கிடைத்தது என்னும் நான்கு வரி. 2025ஆம் ஆண்டின் இரசாயனவியல் நொபெல் பரிசை மூவர் பகிர்ந்துகொண்டனர்: மெல்பேண் பல்கலைக்கழகத்து ரிச்சாட் ரொப்சன், கியோட்டோப் பல்கலைக்கழகத்துச் சுசுமு கித்தாகவா, கலிபோர்ணியாவின் பேர்க்கிலியிற் பணியாற்றும் ஓமார் யாகி. இவர்களின் ஆராய்ச்சியை ஆசிரியர்களும் மாணவர்களும் சற்று நின்று நோக்கவேண்டும் என விரும்புகிறேன். ஏனெனில், அது ஓர் ஆசிரியரின் வகுப்பறைத் தேவையிலே பிறந்தது.

1974ஆம் ஆண்டில், அணுக்களின் பிணைப்பை மாணவர்க்கு விளக்குவதற்காக, மரவுருண்டைகளையும் கோல்களையும் கொண்ட மாதிரிகளை ரொப்சன் ஆயத்தஞ் செய்யவேண்டியிருந்தது. உருண்டைகளுக்குத் துளையிடும் வேலை பல்கலைக்கழகப் பட்டறைக்குரியது. ஆனால் துளைகளை எழுந்தமானமாக இட்டுவிட முடியாது. காபனின் கைகள் ஒரு முறையில் விரியும். நைதரசனின் கைகள் வேறொரு முறையில் விரியும். ஆதலால் ஒவ்வோர் உருண்டையிலும் துளை விழவேண்டிய இடத்தை அவர் குறித்துக் கொடுத்தார். உருண்டைகள் திரும்பி வந்ததும் சில மூலக்கூறுகளைக் கட்டிப் பார்த்தார். துளைகள் சரியான இடங்களில் இருந்தமையால் உருவங்கள் தாமாகவே சரியாக அமைந்தன. அப்படியானால், மரவுருண்டைகளை விட்டு, உண்மையான அணுக்களையும் மூலக்கூறுகளையுமே, அவற்றின் இயல்பான பிணைப்புத் திசைகளை நம்பி, வேண்டிய வடிவிற் கட்டுவிக்க இயலாதா?

இவ்வினா அவர் மனத்தில் உதித்த பின்னர் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன. ஆண்டுதோறும் பாடத்துக்காக அம்மாதிரிகளை வெளியே எடுக்கும்போதெல்லாம் அவ்வெண்ணமும் கூடவே எழுந்தது. பழைய பாடக்குறிப்பைப் பத்தாண்டுகளாக மாற்றமின்றி ஒப்புவிப்போரை நாம் அறிவோம். பழைய பாடத்திற் புதிய கேள்வியைப் பத்தாண்டுகள் காத்துவந்தவர் இவர்.

பின்னர் அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு பொருள்கள். ஒன்று செம்பு அயன். மற்றது நான்கு கைகளையுடைய ஒரு சேதன மூலக்கூறு. அதன் ஒவ்வொரு கையின் நுனியும் செம்பை நாடும் இயல்புடையது. இவற்றைக் கலந்தாற் குருவிக்கூடு போன்ற சிக்கலே மிஞ்சும் என்றுதான் அக்காலத்து இரசாயனவியலாளர் பெரும்பாலோர் எண்ணியிருப்பர். கிடைத்ததோ ஒழுங்கான பளிங்கு. வைரத்திலே காபன் அணுக்கள் நிற்கும் அதே அமைப்பு. ஆனால் வைரம் நெருக்கமானது, இதற்குள்ளோ பெரிய பெரிய வெற்றறைகள். 1989இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் இதனை வெளியிட்டார்.

இவ்வமைப்பை வகுப்பிலே காட்டுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. களிமண் உருண்டைகளும் தென்னோலை ஈர்க்குகளும் போதும். ஓர் உருண்டையில் நான்கு ஈர்க்குகளை, எந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 109½ பாகை இருக்குமாறு குத்தி, அவற்றின் நுனிகளில் அடுத்த உருண்டைகளைப் பொருத்திக்கொண்டே போனால், பத்தாவது உருண்டையில் நடுவே ஓர் அறை தோன்றிவிடும். என் வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு மாணவி, “அந்த அறைக்குள்ளே என்ன இருக்கும், சேர்?” என்று கேட்டாள். தக்க கேள்வி. பளிங்கு வளர்ந்த கரைப்பானே அதற்குள் நிறைந்திருக்கும். கரைப்பானை வெளியேற்ற முயன்றால், முட்டுக் கொடுத்த மரத்தை உருவிய கூரைபோல, அக்காலத்துக் கட்டடங்கள் இடிந்துவிடும். வெற்றறை இருந்தும் வெற்றறையாகப் பயன்படாத நிலை அது.

இந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் கித்தாகவா. 1992இல் அவர் ஆக்கிய முதற்பொருள் எவ்விதப் பயனும் அற்றது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தபோது, உறுதியுமில்லை, உபயோகமுமில்லை என்று மறுத்தனர். அவரோ, பயனற்றதற்கும் ஒரு பயன் உண்டு என்னும் பண்டைச் சீன ஞானி சுவாங்சியின் கருத்தை இளமையிலேயே மனத்திற் கொண்டிருந்தவர். அதனை அவர் அறிந்தது பௌதிக அறிஞர் யுகாவாவின் நூல் வழியாக. 1997இல் அவருடைய குழுவினர் கோபாற்று, நிக்கல், நாகம் ஆகிய உலோக அயன்களைக் கொண்டு முப்பரிமாணச் சட்டகங்களைக் கட்டினர். ஒன்றை உலர்த்தினர், அது இடியவில்லை. மெதேன், நைதரசன், ஒட்சிசன் ஆகிய வாயுக்களை உள்வாங்கியது, உருக்குலையாமலே வெளியிட்டது. பணம் மறுத்தவர்களை நான் முற்றாகக் குறைகூற மாட்டேன். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம். ஆனால், ஐந்தாண்டுகளில் விளையக்கூடியதற்கு முதலாண்டிலேயே விளைச்சற் கணக்குக் கேட்பது எவ்வளவு நியாயம்?

மூன்றாமவர் யாகி 1965இல் யோர்தானின் அம்மான் நகரிலே பிறந்தவர். பலஸ்தீன அகதிக் குடும்பத்துப் பிள்ளை. வளர்ந்த வீட்டில் மின்விளக்குமில்லை, குழாய்நீருமில்லை. பத்து வயதிற் பாடசாலை நூலகத்துட் புகுந்து, கண்டெடுத்த ஒரு நூலிலே மூலக்கூறுகளின் படங்களைப் பார்த்து மயங்கியவர். பதினைந்து வயதில் அமெரிக்கா சென்றார். இச்சட்டகங்களுக்கு உலோக-சேதனச் சட்டகம் என்னும் பெயர் 1995இல் அவர் இட்டது. 1999இல் அவர் வெளியிட்ட ஐந்தாம் இலக்கச் சட்டகம் வெறுமையாக இருந்தும் 300 பாகை சதமவளவு வெப்பத்தைத் தாங்கியது. அதன் ஒரு கிராமுக்குள் மடிந்து கிடக்கும் உட்பரப்பு ஏறக்குறைய 2,900 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்துக் காணிக் கணக்கிற் சொன்னால், ஒரு சிட்டிகைத் தூளுக்குள் 11 பரப்புக்கு மேல்!

இவ்வளவு பரப்பில் என்னென்னவோ ஒட்டிக்கொள்ளும். எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை உலோகத்தையும் மூலக்கூற்றையும் மாற்றி மாற்றித் தீர்மானிக்கலாம். பாலைவனக் காற்றிலிருந்து நீர் எடுப்பது இவற்றுட் புகழ்பெற்றது. இரவில் தூள் நீராவியை உறிஞ்சும். பகலில் வெயில் சுட்டதும் அதனை விட்டுவிடும். குளிர்ந்த தகட்டிலே நீர் வடியும். பத்திரிகைகள் இதனைக் கொண்டாடின. நான் எண்களையே பார்க்கிறேன். 2017இல் வெளியான ஆய்வு, ஒரு கிலோகிராம் சட்டகம் நாளொன்றுக்கு 2.8 இலீற்றர் நீர் தரக்கூடும் என்றது. மறு ஆண்டில் அரிசோனாப் பாலையில் அதே வகைச் சட்டகத்தைச் சோதித்தபோது, ஒரு முறைக்குக் கிலோகிராமுக்கு ஏறக்குறைய 0.1 இலீற்றரே கிடைத்தது. 2019இல், அலுமினியத்தாலான வேறொரு சட்டகத்தைக் கொண்டு, பகலிற் பலமுறை உறிஞ்சி விடும் பொறியொன்றை மொகாவிப் பாலைக்குக் கொண்டுசென்றனர். நாளொன்றுக்கு 0.7 இலீற்றர் வந்தது. ஒரு மனிதனின் தாகத்துக்கும் போதாது. எனினும் முந்திய ஆண்டினதைப்போல் ஏழு மடங்கு. வளர்ச்சி என்று நான் மதிப்பது அந்த ஏழு மடங்கையே, 2.8 என்னும் அறிவிப்பையன்று. எமது கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. அதனைக் குளிரச் செய்தாலே நீர் வடியும். இச்சட்டகத்தின் அருமை, புல்நுனியிற் பனியும் படியாத நாடுகளுக்கு உரியது.

மருத்துவத்தில், இரும்பாலான நுண்சட்டகங்களுள் மருந்தை நிரப்பி உடலில் மெல்ல மெல்ல விடுவிக்கும் முயற்சியைப் பிரான்சிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டனர். நோயாளியின் படுக்கைக்கு அது இன்னும் நெடுந்தூரம். ஐதரசனை அடைத்து மோட்டார் வண்டி ஓட்டும் கனவும் நீண்டகாலமாகப் பேசப்படுகிறது. என்னை அதிகம் கவர்ந்தது ஆலைப்புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் வேலைதான். அதற்குப் பெருந்தடை நீராவி. புகையிலே ஈரம் உண்டு. யாகியின் ஐந்தாம் இலக்கச் சட்டகமோ ஈரக்காற்றிலேயே சிதையும். கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்திலே ஜோர்ஜ் சிமிசுவின் குழுவினர் ஆக்கிய சட்டகம், 2021இல் வெளியான ஆய்வின்படி, ஈரப்புகையிலும் நீராவியை ஒதுக்கிக் காபனீரொட்சைட்டையே பற்றியது. எரிவாயுப் புகை நெடுநேரம் நேரே படவும் கெடாது நின்றது. நாகமும் வேறிரு எளிய சேதனப் பொருள்களுமே அதன் மூலப்பொருள்கள். கனடாவில் ஒரு சீமெந்து ஆலையின் புகையிலும் அதனைச் சோதித்துள்ளனர். இனி ஆலைக்காரர் கேட்பவை இரண்டு வினாக்கள்: ஒரு தொன் என்ன விலை? எத்தனை ஆண்டுக்கு உழைக்கும்?