சூரியன் மட்டும் போதுமா?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் தொடங்கப்பட்ட சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். இது உச்சி வெயிலுக்கான கணக்கு. இரவு, மேகம், சாய்வெயில் எல்லாம் சேர்த்து ஆண்டுச் சராசரி பார்த்தால், இத்தகைய நிலையங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தேறும்.

வெயில் கொளுத்தினால் மின்சாரம் கூடுமா?

கூட்டுவது ஒளி, வெப்பம் குறைக்கும். சிலிக்கான் தகடு 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் வரை உற்பத்தி சரியும்.

சேமித்து வைக்கலாமே?

பொழுது சாய்ந்ததும்தான் வீடுகளில் விளக்கு, டிவி, ஏசி எல்லாம் ஓடுகின்றன. அந்தச் சில மணி நேரத்தைப் பேட்டரி சமாளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் வானம் மூடிக்கிடந்தால்? அத்தனை பேட்டரிக்குச் செலவு கட்டாது. ஆழியாறு அருகே காடம்பாறையில் உபரி மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கலாம். இதற்கு மலையும் வேண்டும், அணையும் வேண்டும்.

வேறென்ன சிக்கல்?

காலை எடுத்த பிறகும் தையல் மெஷின் சக்கரம் சற்றுச் சுழலும் அல்லவா? அனல், புனல் நிலையங்களின் கனத்த டர்பைன்களும் அப்படித்தான். திடீர்த் தடங்கலிலும் மின்தொகுப்பின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டென விழாமல் தாங்கும். சூரியத் தகட்டில் சுழலும் பாகமே இல்லை. அந்த வேலையை மின்னணுக் கருவிகளும் பேட்டரிகளும் செய்தாக வேண்டும்.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் இரவிலும் சுழலும். சூரியனுக்குக் காற்றும் நீரும் துணை நின்றால், சேமிக்க வேண்டிய அளவு வெகுவாகக் குறையும்.