பூட்டுக்கும் அளவு உண்டு: கல்யாணச் சமையல்கட்டில் ஒரு டேட்டாபேஸ் பாடம்

கோவைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் விடியுமுன்பே கிரைண்டர் ஓடத் தொடங்கிவிடும். பாத்திர அறை வாசலில் நோட்டும் கையுமாக ஒருவர். எந்த அண்டா யார் கையில் என்று எழுதி வைப்பது அவர் வேலை. பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸில் பூட்டு அட்டவணை செய்வதும் இதே வேலைதான். இந்த டேட்டாபேஸுக்குத் தனி சர்வர் கிடையாது. நம் புரோகிராமுக்குள்ளேயே ஓடும். ஆகவே நோட்டில் எத்தனை வரி வேண்டும் என்பதை நாமே சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டிய அளவுகள் மூன்று. பூட்டு கேட்பவர்கள் எத்தனை பேர்? அதாவது சமையல்காரர்கள். பூட்டப்படும் பக்கங்கள் எத்தனை? இவை பாத்திரங்கள். பூட்டுகள் எத்தனை? இவை நோட்டின் வரிகள். ரச அண்டாவில் உப்பு பார்க்க மூன்று பேர் சேர்ந்து நிற்கலாம்: அண்டா ஒன்று, வரி மூன்று. உப்பு போடுபவர் வந்தால் மற்றவர்கள் விலகியாக வேண்டும். படிக்கும் பூட்டும் எழுதும் பூட்டும் இப்படித்தான்.

பழைய பதிப்புகளில் மூன்றுக்கும் இயல்பு அளவு 1,000. வரி தீர்ந்தால், அறையில் அண்டா சும்மா கிடந்தாலும் கொடுக்க முடியாது. அந்த வேலை பிழையோடு நின்றுவிடும்.

2013 மார்ச்சில் பிட்காயினுக்கு நேர்ந்தது இதுவே. அதன் பழைய பதிப்புகள் பெர்க்லி டிபியில் ஓடின. பூட்டு அளவு 10,000. புதிய 0.8 பதிப்பு லெவல்டிபி என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறியிருந்தது. 225430-ஆம் பிளாக் பெரிதாக வந்தது. ஒரு பிளாக்கின் மாற்றங்கள் எல்லாம் ஒரே டேட்டாபேஸ் பரிவர்த்தனையில் போவதால், முடியும்வரை ஒரு பூட்டும் திரும்பாது. பழைய பதிப்பு ஓடிய கணினிகள் பலவற்றில் வரி தீர்ந்தது. அவை பிளாக்கை நிராகரித்தன. 0.8 ஏற்றுக்கொண்டது. பிளாக்குகளின் சங்கிலி இரண்டாகப் பிரிந்து, சேரச் சில மணி நேரம் ஆனது. பக்கங்கள் கணினிக்குக் கணினி வேறு மாதிரி அடுக்கப்பட்டிருந்ததால், பழைய பதிப்புகளுக்குள்ளேயே சில ஏற்றன, சில மறுத்தன. பிறகு பழைய பதிப்புக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட அளவு 5,37,000.

அளவை எப்படி வைப்பது? கூட்டம் அதிகமான நேரத்தில் ‘டிபி ஸ்டாட்’ கருவியை ஓட்டிப் பாருங்கள். இதுவரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பூட்டுகள் இருந்தன என்று காட்டும். அதற்கு மேல் தாராளமாக வையுங்கள்; செலவு கொஞ்சம் மெமரிதான். ‘டிபி கான்ஃபிக்’ கோப்பில் எண்ணை மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். நோட்டு தைக்கும்போதே வரிகள் முடிவாகிவிடுகின்றன. புரோகிராமை நிறுத்தி, டேட்டாபேஸ் சூழலைப் புதிதாக உருவாக்கினால்தான் புது அளவு நடைமுறைக்கு வரும். இருவர் ஒருவர் பாத்திரத்துக்கு மற்றவர் காத்து நிற்கும் முட்டுக்கட்டை வேறு கதை. எத்தனை வரி சேர்த்தாலும் அது தீராது.

பந்திக்கு இலை எண்ணுவது போல, டேட்டாபேஸைத் திறக்குமுன் பூட்டையும் எண்ணிவிடுங்கள்.