முதலில் முன்சில்லைப் பாருங்கள்

பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் புஷ்செயர் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறது. சாம்பல் நல்லதா, கறுப்பு நல்லதா, கைபிடிக்குத் தோல் சுற்றியதாகப் பார்க்கவா என்றுதான் என்னிடமும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "இதை எங்கே தள்ளிக்கொண்டு திரியப் போறீங்கள்?" அதற்குச் சரியான பதில் வந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவின் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு வளர்ந்தவன் நான். வடமேற்கு லண்டனுக்கு வந்து வேறு வேலை பார்த்து ஓய்வும் பெற்றாயிற்று; கை மட்டும் பழைய தொழிலை விடவில்லை. வெம்பிளி, சட்பரி, ஹரோப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் காற்றுப்போன வண்டியையும் பிறேக் பிடிக்காத வண்டியையும் என் வீட்டுக் கராஜுக்குக் கொண்டுவருவார்கள். வருபவற்றில் மூன்று சில்லு வண்டிகளே அதிகம். காற்றடைத்த ரயர், உள்ளே ரியூப், கழற்றிப் பூட்டுகிற முன்சில்லு, பலவற்றில் கம்பியால் இழுபடும் பிறேக் என்று எல்லாமே சைக்கிளின் உறுப்புகள்தான். ஆனால் வாங்குகிறவர்கள் அதை ஒரு கதிரையாகவே பார்க்கிறார்கள். துணியைத் துடைக்கிறார்கள், சில்லைப் பார்ப்பதில்லை. சைக்கிளைக் கவனிக்கிற மாதிரிக் கவனித்தால் ஒரே வண்டியில் மூன்று பிள்ளைகளை வளர்த்தெடுக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வண்டி பிறந்ததே சைக்கிளிலிருந்துதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊர். அங்கே பத்திரிகையாளராக இருந்த ஃபில் பேக்லர் ஓட்டப் பயிற்சியை விட மனமில்லாமல், கைக்குழந்தையான மகனையும் கூட்டிக்கொண்டு ஓட வழி தேடினார். 1984இல் ஒரு தள்ளுவண்டிக்குச் சைக்கிள் சில்லுகளைப் பூட்டினார். பேபி ஜாகர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அதற்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்னர், 1965இல், இங்கிலாந்தில் ஓவன் மக்லாரன் இன்னொரு வண்டியை வடிவமைத்திருந்தார். அவர் விமானப் பொறியியலாளர். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சில்லு அமைப்பில் வேலை செய்தவர். அலுமினியக் குழாய்களில் அவர் செய்த வண்டி ஒரு கையால் மடித்துத் தூக்கக்கூடியதாக இருந்தது. மக்லாரன் மடிப்பதைப் பற்றி யோசித்தார், பேக்லர் உருளுவதைப் பற்றி. இன்றைக்குக் கடையில் நிற்கிற எந்த வண்டியை எடுத்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில்தான் நிற்கும். இரண்டையும் முழுதாகத் தருகிற வண்டி கிடையாது.

ஆகவே உங்கள் பாதையைப் பாருங்கள். வெம்பிளி ஈலிங் றோட்டில் சனிக்கிழமை மரக்கறி வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். கடைப் பெட்டிகள் நடைபாதைக்கு வந்திருக்கும், மிச்ச இடத்தில் சனம் நெருக்கும். உங்கள் நடை முழுக்க அங்கேதான், மாடிவீட்டில் லிஃப்ட் இல்லை, கார் இல்லை, எல்லாம் பஸ்தான் என்றால் மூன்று சில்லு வண்டி வேண்டாம் என்றே சொல்வேன். வெறும் வண்டியே பத்துக் கிலோவைத் தாண்டும். படியில் பிள்ளையோடு சேர்த்துத் தூக்க இயலாது. ஹோர்சண்டன் குன்றில் ஏறுகிறவர்கள், அதன் ஓரமாகப் போகும் கிராண்ட் யூனியன் கால்வாய்ப் பாதையில் நடக்கிறவர்கள், சனிக்கிழமை காலை 9 மணிக்கு பார்க்ரன்னில் ஓடுகிறவர்கள் என்றால் வேறு வண்டியை நினைக்கவே தேவையில்லை. மழைக்குப் பிறகு அந்தக் களிமண்ணில் சின்னச் சில்லுகள் புதைந்து நின்றுவிடும். பெரிய சில்லு பள்ளத்துக்குள் இறங்காமல் மேலாலே கடந்துவிடும். மர வேர் கிளப்பிய நடைபாதைக் கல்லிலும் அப்படித்தான்; அதிர்ச்சியை ரயருக்குள் இருக்கும் காற்று வாங்கிக்கொள்ளும், பிள்ளையின் தலை ஆடாது.

பஸ்ஸைப் பற்றி ஒரு விடயம். சக்கர நாற்காலிக்காரருக்கான இடத்தில்தான் நாங்கள் புஷ்செயரையும் நிறுத்துகிறோம். 2012இல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போக வந்த டக் போலி என்ற சக்கர நாற்காலிப் பயணியால், அந்த இடத்தில் உறங்கும் பிள்ளையோடு ஒரு புஷ்செயர் நின்றதால் ஏற முடியாமல் போனது. வண்டி மடியாது என்று தாய் சொல்லிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சாரதி ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, நியாயமில்லாமல் மறுப்பவரை மேலும் வற்புறுத்த வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த இடம் அவர்களுடையது. கேட்டதும் மடிக்க வேண்டியிருக்கும், ஆகவே கடையில் வண்டியை நீங்களே மடித்துப் பாருங்கள். விற்பனையாளர் மடித்துக் காட்டுவது கணக்கில்லை. ஒரு கையில் பிள்ளை இருப்பதாக நினைத்துக்கொண்டு மற்றக் கையால் மடியுங்கள். காரில் வைப்பதென்றால் டிக்கியின் அளவையும் வீட்டு வாசலின் அகலத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். இரட்டைப் பிள்ளைகளுக்கான பக்கம் பக்கமான வண்டி வாசலுக்குள் போகாமல் திரும்பி வந்த வீடுகளைக் கண்டிருக்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு இருக்கை முழுதாகப் படுக்கையாக வேண்டும். தானாக உட்காரும் வரை அப்படித்தான் என்பது பிரித்தானிய சுகாதார சேவையின் அறிவுரை. ஓட்டத்துக்கு இன்னும் பொறுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் பிள்ளையை வைத்து ஓடவே கூடாது, அதற்குப் பிறகும் உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் வயதைப் பார்த்து, ஹெல்த் விசிற்றரிடம் கேட்டுச் செய்யுங்கள். வண்டியின் சட்டத்தில் பி.எஸ். ஈ.என். 1888 என்ற தர எண் இருக்க வேண்டும். அதன் முதற் பாகம் 15 கிலோ வரையான பிள்ளைக்கு, இரண்டாம் பாகம் 22 கிலோ வரைக்கும்.

இனி முன்சில்லு. நாலு சில்லு வண்டியில் ஒரு சில்லு பழுதானால் மிச்சம் தாங்கும். மூன்றில் முன்னால் இருப்பது ஒன்றுதான். அது கழன்றால் வண்டி மூக்குக் குப்புற விழும். 2018 பெப்ரவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. பாப் என்ற மூன்று சில்லு வண்டிகளில் முன்சில்லு கழன்றதாகச் சுமார் 200 முறைப்பாடுகள் வந்திருந்தன. 50 சிறுவர்களும் 47 பெரியவர்களும் காயப்பட்டிருந்தார்கள். வண்டியில் குறையில்லை என்று நிறுவனம் வாதிட்டது. நவம்பரில் இணக்கம் ஏற்பட்டு, சில்லைச் சரியாகப் பூட்டும் முறையைக் காட்டும் காணொளிக்கும் மாற்று உதிரிப்பாகங்களுக்கும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தப் பூட்டு சைக்கிளில் இருக்கிற அதே நெம்புகோல் பூட்டுத்தான். நெம்புகோல் உள்ள வண்டி என்றால் இப்படிப் பாருங்கள். முன்சில்லின் அச்சை, அதைத் தாங்கும் கவையின் இரண்டு காடிகளிலும் முட்டும்வரை உட்காரவிடுங்கள். நெம்புகோலை மூடும்போது பாதி வழியில், அதாவது அது அச்சுக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கையில், இறுக்கம் தொடங்க வேண்டும். முழுதாக மூடி முடிக்கையில் உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும். தடம் பதியவில்லை என்றால் திறந்து, மறுபக்கத்து மரையைக் கொஞ்சம் திருகி, திரும்ப மூடுங்கள். நெம்புகோலைத் திருகாணி மாதிரிச் சுற்றி இறுக்குகிறவர்கள் உண்டு. அது பூட்டே அல்ல. பிறகு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சில்லின் தலையில் கையால் ஒரு குத்து. அசையாவிட்டால் சரி. பொத்தான் பூட்டு உள்ள வண்டியில் 'டிக்' என்று சத்தம் கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காரிலிருந்து இறக்கும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும்.

கடைக்குள் முன்சில்லு சுழலட்டும். கரடு பாதையிலும் ஓட்டத்திலும் அதை நேராக வைத்துப் பூட்டிவிடுங்கள். வேகத்தில் சுழலும் சில்லு இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கினால் ஒரு சின்னக் கல்லே வண்டியைத் திருப்பிவிடும். மெதுவாகத் தள்ளும்போதே நடுக்கம் வந்தால் சில்லு சுழலும் மூட்டின் மரை தளர்ந்திருக்கும். நடைபாதை விளிம்பில் ஏறும்போது கைபிடியைக் கீழே அமுக்கி முன்சில்லைத் தூக்கி, நேர்முகமாக ஏற்றுங்கள். மூன்று புள்ளியில் நிற்கிற வண்டி, விளிம்பில் சரிவாக ஏறினால் பக்கவாட்டில் சாயும். கைபிடியில் அரிசிப் பையைக் கொழுவுவதும் ஆபத்து. பிள்ளையை இறக்கிய மறுகணம் வண்டி பின்னால் மல்லாந்துவிடும்.

போன மாதம் ஒரு பிள்ளை வந்தாள். "அங்கிள், வண்டி ஒரு பக்கமா இழுக்குது. கடைக்காரர் ஃபிரேம் வளைஞ்சிட்டுதாம், புதுசு வாங்கச் சொல்லினம்."

"பின்சில்லு ரெண்டிலயும் காத்து சமமோ, பிள்ளை?"

பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் அமுங்கியது. இரண்டையும் சமமாக்கினோம், இழுவை முக்கால்வாசி போனது. மிச்சத்துக்கு முன்சில்லின் பக்கத்திலிருந்த நேர்ப்படுத்தும் திருகியைச் சிறிது திருப்பி, கராஜ் வாசலில் கையை விட்டுத் தள்ளிப் பார்த்தோம். நேரே போனது. வளைந்த சட்டம் எதுவும் அதில் இல்லை.

காற்றழுத்தம் கையேட்டில் இருக்கும். ரயரில் எழுதியிருப்பது ரயர் தாங்கும் உச்ச அளவு; சில்லு பிளாஸ்டிக் என்றால் அவ்வளவு தாங்காது. பெற்றோல் நிலையத்துப் பம்பில் ஒருபோதும் காற்றடிக்காதீர்கள். இத்தனை சிறிய ரியூப் அதில் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்து வெடித்துவிடும். கையால் அல்லது காலால் அடிக்கும் பம்ப் போதும். பெரும்பாலான வண்டிகளில் கார் ரயரில் இருக்கிற அதே வால்வுதான்.

ரியூப் வாங்கப் போகும்போது ரயரின் பக்கத்தில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் 12½ × 2¼ என்றிருக்கும். அதே அளவை 62-203 என்றும் குறிப்பார்கள். வளைந்த வால்வு உள்ள ரியூப் கிடைத்தால் அதையே எடுங்கள், சின்னச் சில்லுக்குள் பம்பின் தலையை நுழைப்பது சுகம்.

ஒட்டுப் போடுவது இன்றும் எனக்குப் பிடித்த வேலை. ரியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பிடித்து, துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் சுரண்டி, சொலூஷன் பூச வேண்டும். பூசின கையோடு ஒட்டுகிறவர்களுக்குத்தான் மறுநாள் கழன்றுபோகிறது. பளபளப்புப் போய் மங்கும்வரை பொறுத்து, பிறகு ஒட்டை வைத்து அமுக்குங்கள். அதைவிட முக்கியமானது ரயரின் உட்புறம். இலையுதிர் காலத்தில் வேலி வெட்டினால் ஹாதோர்ன் முள் பாதையெல்லாம் கிடக்கும். அதன் நுனி ரயருக்குள்ளேயே முறிந்து நிற்கும். ஒரு துணியை உள்ளே ஓடவிட்டால் முள் இருக்கும் இடத்தில் நூல் இழுபடும். அதை எடுக்காமல் ரியூபைப் போட்டால் அன்றைக்கே திரும்பவும் ஓட்டை. ரியூபில் கொஞ்சம் காற்று வைத்தே பூட்டுங்கள், அப்போது விளிம்பில் நசிபடாது. முள்ளுக்குப் பயந்து நுரை அடைத்த ரயருக்கு மாறுகிறவர்களும் உண்டு. நடைபாதை மட்டும்தான் என்றால் பரவாயில்லை, கரடு பாதைக்கு அது கடினம்.

மாரிக்கு றோட்டில் உப்புத் தூவுவார்கள். அது அச்சைத் தின்றுவிடும். சில்லுகளைக் கழற்றி அச்சைத் துடைத்து, சிலிக்கன் எண்ணெய் கொஞ்சம். டபிள்யூ.டி. 40ஐ அடித்தால் உள்ளே இருக்கிற கிறீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். வார்ப் பூட்டில் சோற்றுப் பருக்கை இறுகினால் இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும், அங்கே எண்ணெய் வேண்டாம். நனைந்த வண்டியை விரித்தே காயவிடுங்கள்.

பிறேக்கைப் போட்டுவிட்டுத் தள்ளிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். கம்பி நீண்டு தளர்ந்திருந்தால் பிறேக் மிதி இறங்கும், ஆனால் முளை பல்லுக்குள் விழாது. ரயில் மேடையில் வண்டியைத் தண்டவாளத்துக்குச் சமாந்தரமாக நிறுத்தி, பிறேக் போட்டு, மணிக்கட்டு வாரையும் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். இதில் எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, சொல்லிக்கொண்டே இருப்பேன்.

புதிய நல்ல வண்டியின் விலை பல குடும்பங்களுக்கு ஒரு மாத வாடகையில் கணிசமான பங்கு. அதனால் பாவித்த வண்டியையே பலருக்குச் சொல்கிறேன். மலிவான புதியதைவிட, நல்ல பாவித்தது மேல். துணிக் கறை, சொட்டைக் கைபிடி, காற்றுப்போன ரயர் இவற்றைப் பார்த்து ஒதுக்காதீர்கள். இவை திருத்தக்கூடியவை, விலை குறைக்க உதவுபவை. வெல்டிங் ஒட்டில் முடி போன்ற கீறல், வளைந்த அச்சு, மடிப்புப் பூட்டு தானாக விடுபடுவது, வார் கிழிந்திருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். மொடல் பெயரை வைத்துத் திரும்பப் பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். 2009இல் மக்லாரன் வண்டிகள் சுமார் பத்து லட்சம், மடிப்பு மூட்டில் பிள்ளைகளின் விரல் நுனி துண்டிக்கப்பட்டதால் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. மூட்டுக்கு மூடி கொடுத்தார்கள். மூடி போடாத பழைய வண்டி கைமாறி உங்களிடம் வரலாம். எந்த வண்டியானாலும், விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை இரண்டு அடி தள்ளி நிற்கட்டும்.

உங்கள் பிள்ளை வளர்ந்து வண்டியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது கையேட்டையும், பம்பையும், ஒரு ரியூபையும் கூடையில் வைத்துக் கொடுங்கள். முன்சில்லைப் பூட்டுவது எப்படி என்று அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்யவைத்துவிட்டு அனுப்புங்கள்.