சிறுநீரகமும் குருதி அமுக்கமும்

“பிறஷர் என்பது இருதய வருத்தம்தானே? அதற்கு ஏன் சலமும் இரத்தமும் சோதிக்கச் சொல்கிறார்கள்?” கிராமங்களில் சுகாதாரம் பற்றிப் பேசும்போது எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இதற்கான விடையை இடப்பெயர்வைச் சந்தித்த விவசாயக் குடும்பங்கள் நன்கு அறிந்திருத்தல் அவசியம். சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று தடவை வைத்தியசாலைக்குச் சென்று, இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். தோட்டமும் வயலும் செய்து குடும்பத்தைக் காப்பவருக்கு இந்நிலை வந்தால், காணி இருந்தும் பயிரிட ஆளில்லாமற் போகும். முன்கூட்டியே கவனித்தால் இதனைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அல்லது பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

சிறுநீரகம் செய்யும் வேலை

எமது முள்ளந்தண்டின் இரு புறமும், கீழ் விலா எலும்புகளை அண்டி, கைமுட்டி அளவான இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்கே செல்கின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் கண்ணுக்குத் தெரியாத சுமார் 10 இலட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவம் இவற்றினூடாக வடிக்கப்படுகின்றது. அதில் பெரும் பகுதி மீண்டும் இரத்தத்தில் சேர, ஒன்றரை லீற்றர் அளவே சலமாக வெளியேறுகின்றது.

கழிவை அகற்றுவது மாத்திரம் சிறுநீரகத்தின் வேலையன்று. உடலில் எவ்வளவு உப்பும் நீரும் தங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே. உப்புத் தங்கினால் அதனோடு நீரும் தங்கும். குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடும், அமுக்கமும் கூடும்.

துருசும் வாய்க்காலும்

சிறுநீரகம் அமுக்கத்தைக் கூட்டும் இன்னொரு வழியும் உண்டு. அதனை எமது வயல் அனுபவத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். குளத்திலிருந்து வரும் வாய்க்காலின் கடைசியில் ஒருவருடைய வயல் இருக்கின்றது. நடுவழியில் வாய்க்கால் தூர்ந்துபோனதால் அவருக்கு நீர் போதவில்லை. அவர் வட்டவிதானையிடம், “துருசை இன்னும் திறந்துவிடுங்கள்” என்கிறார். துருசு திறக்கப்படுகின்றது. அவருக்குச் சிறிது நீர் கிடைத்தாலும், மேலேயுள்ள வயல்களின் வரம்புகள் உடைகின்றன. குளத்தில் நீர் குறையவில்லை. தூர்ந்த வாய்க்காலே உண்மையான பிரச்சினை.

சிறுநீரகத்திற்குச் செல்லும் குழாய் ஒடுங்கும்போதும் இதுவே நடக்கின்றது. தனக்கு இரத்தம் போதவில்லை என உணரும் சிறுநீரகம் ‘ரெனின்’ என்னும் பொருளைச் சுரக்கின்றது. அது தொடக்கி வைக்கும் மாற்றங்களால் உடலெங்கும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, அமுக்கம் ஏறுகின்றது. 1934ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய அறிஞர் ஹரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரக நாடியை ஒடுக்கினால் அவற்றின் குருதி அமுக்கம் உயர்வதைப் பரிசோதனை மூலம் காட்டினார்.

மறுபக்கத்தில், உயர் அமுக்கமும் சிறுநீரகத்தைத் தாக்குகின்றது. பல ஆண்டுகள் மிகுந்த வேகத்தைத் தாங்கும் நுண்ணிய குழாய்களின் சுவர்கள் தடித்து ஒடுங்குகின்றன. வடிகட்டிகள் தழும்பாகி ஒவ்வொன்றாகப் பழுதடைகின்றன. எஞ்சியவை கூடுதற் சுமையை ஏற்று அவையும் சிதைகின்றன. வடிகட்டிகள் குறையக் குறைய உப்புத் தேங்குகின்றது. அமுக்கம் மேலும் ஏறுகின்றது. ஒன்று மற்றதைக் கெடுக்கும் சுழல் இது. இச்சுழலில் சலரோகமும் சேருமானால் அழிவு விரைவாகும்.

இதில் நோவு ஏதும் இல்லாதிருப்பதே பெரிய ஆபத்து. கால் வீக்கம், களைப்பு, பசியின்மை என்பன தெரியும் வேளையில் சிறுநீரகத்தின் பெரும் பகுதி பழுதடைந்திருக்கலாம். இழந்த வடிகட்டிகள் மீண்டும் முளைப்பதில்லை.

அமுக்கம் சரியென்றால் போதுமா?

போதாது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் ஒருவகை நாட்பட்ட சிறுநீரக நோய் இனங்காணப்பட்டது. அநுராதபுரம், பொலனறுவை மாவட்டங்களின் விவசாயிகளைப் பெருமளவில் பாதித்த இந்நோய், வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் காணப்படுகின்றது. சலரோகமோ நீண்டகால உயர் அமுக்கமோ இல்லாதவர்களுக்கும் இது வருகின்றது. தொடக்கத்தில் அமுக்கம் சாதாரணமாகவே இருக்கலாம். சலத்தில் புரதமும் சிறிதளவே காணப்படலாம். நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைப்போரின் உடல் நீரிழப்பு எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. இதுவே ஒரே காரணம் என எதுவும் நிறுவப்படவில்லை.

எனவே வரண்ட வலயத்தில் வாழும் நாம், அமுக்கத்தை அளப்பதோடு சலத்தில் புரதமும், இரத்தத்தில் கிரியற்றினின் அளவும் சோதித்தறிய வேண்டும். கடினமான கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், புளோரைட்டு நீங்காது. கிராமத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் இருப்பின், குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அந்நீரையே பயன்படுத்துதல் நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

1. அமுக்கத்தை அளவிடுங்கள். வைத்தியசாலையில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேலாக இருந்தால் அது உயர் அமுக்கமாகும். சிறுநீரக நோயுள்ளவருக்கு இதைவிடக் குறைந்த அளவை வைத்தியர் இலக்காக வைக்கலாம். 35 வயதைக் கடந்தவர்களைப் பரிசோதிக்கும் நிலையங்கள் பல அரச வைத்தியசாலைகளில் இயங்குகின்றன.

2. உப்பைக் குறையுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புப் போதுமானது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் என்பவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். கருவாட்டை ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம். அன்று கறிக்கு வேறு உப்பு வேண்டியதில்லை.

3. குளிசையை நிறுத்த வேண்டாம். “தலையிடி இல்லை, ஆகவே பிறஷர் இல்லை” என நினைப்பது தவறு. எனலாப்ரில், லோசாட்டன் போன்ற குளிசைகள் மேலே கூறிய ரெனின் தொடக்கி வைக்கும் மாற்றங்களைத் தடுத்து, சிறுநீரகத்திற்கும் பாதுகாப்புத் தருகின்றன. ஆனால் கடும் வாந்தி, வயிற்றோட்டம் ஏற்பட்டால் உடனே வைத்தியரிடம் கேளுங்கள். அவ்வேளையில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கர்ப்பிணிகள் இவற்றைப் பாவிக்கக்கூடாது.

4. நோவுக் குளிசைகளில் கவனமாயிருங்கள். மண்வெட்டி பிடித்த களைப்புத் தீர டைக்ளோபினாக், இபுபுறோபன் என்பவற்றைக் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும், அமுக்கத்தையும் கூட்டும். நோவுக்கு எதனைப் பாவிக்கலாம் என வைத்தியரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

5. வெயிலில் வேலை செய்யும்போது தாகம் மிகும்வரை காத்திராமல் இடையிடையே நீர் அருந்துங்கள். கால் வீக்கம் உள்ளோரும் சிறுநீரக நோய் முற்றியோரும் வைத்தியர் கூறும் அளவிலேயே அருந்த வேண்டும்.

6. கிளினிக் கொப்பியைக் காணி உறுதியைப் போலப் பாதுகாத்து வையுங்கள். இடம் மாறும்போது சிகிச்சை அறுந்துபோவதாலேயே பலருடைய சிறுநீரகம் பழுதடைகின்றது. குளிசைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையுடன் வையுங்கள். நீங்கள் சென்று சேரும் இடத்திலுள்ள அரச வைத்தியசாலையில் அதனைக் காட்டி, சிகிச்சையை இலவசமாகவே தொடரலாம்.

எமது தாய்மார் பிள்ளைகளை வைத்தியரிடம் கூட்டிச் செல்வார்கள். தமக்கு வந்தால் “அறுவடை முடியட்டும்” என்பார்கள். தந்தையரும் அப்படியே. இறைவன் தந்த உடலைப் பேணுவது தன்னலமாகாது. அது குடும்பத்திற்குச் செய்யும் கடமை. அடுத்த முறை வைத்தியசாலைக்குச் செல்லும்போது, “எனது சலத்தையும் இரத்தத்தையும் சோதித்துப் பாருங்கள், ஐயா” எனத் தயங்காமற் கேளுங்கள். உங்கள் வீட்டிலுள்ள முதியவரையும் கூட்டிச் செல்லுங்கள்.